பெரிய படகும் சின்னப் படகும் ஒரே கோட்டில்: எந்த ரேட்டிங் முறையை எடுப்பது?

தெருவில் ஓட்டப் பந்தயம் வைத்தால் வீட்டுக் குட்டிக்குப் பத்தடி முன்னால் கோடு கிழித்துக் கொடுப்போம். அதுவும் போதாது என்றால் உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் வராது. பாய்ப்படகுப் பந்தயத்தில் ஹேண்டிகேப் என்பது அந்தப் பத்தடிக் கோடுதான். சரியான இடத்தில் கிழித்தால் இருபத்திரண்டு அடிப் படகும் நாற்பது அடிப் படகும் நிஜமாகவே மோதலாம். தப்பாகக் கிழித்தால் பாதிப் பேர் உப்புக்குச் சப்பாணிகள். பெரியவர்கள் அப்படி ஆட மாட்டார்கள். அடுத்த வருஷம் படகை விற்றுவிடுவார்கள்.

நான் இருப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடா ஓரம். சொந்தப் படகு கிடையாது. நண்பர் ஒருவரின் படகில் ஜிப் எனப்படும் முன்பாயை இழுத்துக் கட்டும் ஆள். எங்கள் சிறிய கிளப்பில் புதன்கிழமை மாலைகளில் இருபது சொச்சம் படகுகள் ஓடுகின்றன. சில 1970களில் செய்தவை, சில போன வருஷம் வாங்கியவை, இரண்டு மூன்றில் குளிர்பெட்டியும் அடுப்பும் படுக்கையும் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் கிளப்பில் ஒரு கேள்வி வந்தது: இருக்கிற பிஎச்ஆர்எஃப் முறையிலேயே தொடர்வதா, ஓஆர்சிக்கு மாறுவதா? ஐரோப்பாவில் ஓட்டிப் பழகிய ஒருவர் ஐஆர்சி பக்கம் கை காட்டினார். மூன்றுமே ஒவ்வொரு படகுக்கும் ரேட்டிங் என்ற ஹேண்டிகேப் எண்ணைத் தரும் முறைகள். "இந்தியன், சாஃப்ட்வேர்காரன், கணக்கு வரும்" என்ற ஒரே தகுதியில் என்னையும் குழுவில் போட்டார்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்த்ததும், அதில் எனக்குப் பட்டதும்தான் இங்கே.

மனிதர்கள் பேசி முடிவுசெய்யும் எண்

பிஎச்ஆர்எஃப் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தது. அப்போது PHRF என்ற பெயரின் முதல் எழுத்து பசிபிக்கைக் குறித்தது. நாடு முழுக்கப் பரவியபோது பசிபிக் போய் பெர்ஃபார்மன்ஸ் வந்தது. சுருக்கப் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதில் படகின் ரேட்டிங் ஒரு முழு எண். ஒரு கடல் மைலுக்கு எத்தனை வினாடி சலுகை என்பதுதான் அது. எண் குறையக் குறையப் படகு வேகமானது. பறக்கும் படகுகளுக்கு மைனஸிலும் போகும். பல வட்டாரங்களில் எண்கள் மூன்றின் மடங்காகவே வரும். எல்லா ஊரிலும் பார்க்கக்கூடிய ஜே/24 படகுக்குப் பெரும்பாலும் 170ஐ ஒட்டி இருக்கும்.

இதற்குச் சூத்திரம் கிடையாது. வட்டாரக் குழு ஒன்று பழைய முடிவுகளைப் பார்க்கும், அதே மாதிரிப் படகுகளோடு ஒப்பிடும், பேசும், ஒரு எண்ணை வைக்கும். எடை போடுவது படகை மட்டும்தான், ஓட்டுகிறவரை அல்ல. அடிப்பாகம் சுத்தமாக இருந்து, பாய் நல்லதாக இருந்து, தொழில் தெரிந்தவர் கையில் சுக்கான் இருந்தால் இந்தப் படகு என்ன வேகம் போகும் என்பதுதான் கேள்வி. அதன்மேல் சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல். பாய்மரத்துக்கு முன்னால் உள்ள இடத்தின் அகலத்தோடு ஒப்பிட்டு, முன்பாய் 155 சதவீத அளவு என்பது வழக்கமான அடிப்படை. அதைவிடப் பெரிதென்றால் சில வினாடி வெட்டு. மடங்கும் ப்ரொப்பெல்லருக்குப் பதிலாக மடங்காத ப்ரொப்பெல்லர் தண்ணீரில் தொங்கிக்கொண்டு வந்தால் சில வினாடி சலுகை.

புதிதாக வருகிறவர்கள் கோபப்படும் ஒரு விஷயம் உண்டு. அதே கம்பெனி, அதே மாடல், அங்கே ஒரு எண், இங்கே வேறு எண். இது குளறுபடி அல்ல, முறையின் உயிரே இதுதான். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கோடை மதியத்தில் கோல்டன் கேட் வழியாக இருபது நாட் (மணிக்கு இருபது கடல் மைல்) வேகத்துக்கு மேல் காற்று கொட்டும். செசபீக்கில் ஆகஸ்ட் மாதம் கொடித்துணிகூட அசையாது. பலத்த காற்றில் கெட்டியாக நிற்கும் கனமான படகும், மெல்லிய காற்றில் வழுக்கிப் போகும் லேசான படகும் இரண்டு ஊரிலும் ஒரே விகிதத்தில் எப்படி ஓடும்? தெற்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் இன்னும் ஒரு படி போய், பந்தயப் பாதையின் வகையைப் பார்த்து ஒரே படகுக்கு வெவ்வேறு எண்கள் வைத்திருக்கிறார்கள். மிதவையைச் சுற்றிக் காற்றை எதிர்த்து ஏறி, காற்றோடு இறங்கும் பாதைக்கு ஒன்று, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும் நீண்ட ஓட்டத்துக்கு வேறொன்று.

இதன் பலவீனம் எதுவென்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எண்ணை வைக்கிறவர்களும் அதே பந்தயத்தில் ஓடுகிறவர்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஆறு வினாடி சலுகை கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், அவரிடம் போன வாரம் தோற்றவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த அறையின் காற்று கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

அளந்து சொல்லும் எண்

ஓஆர்சி இதற்கு நேரெதிர். படகின் உடல் வடிவம், எடை, கவிழாமல் நிமிரும் திறன், பாய்களின் பரப்பு, ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும் ஒரு கணிப்பொறி நிரலுக்குக் கொடுத்தால், எந்தக் காற்றில் எந்தக் கோணத்தில் என்ன வேகம் என்று அது கணித்துத் தரும். இது எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. 1970களில் உலகம் முழுக்க ஐஓஆர் என்ற விதி ஆண்டது. அது படகின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் மட்டும் அளவெடுத்தது. வடிவமைப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? அளவெடுக்கும் இடத்தில் மட்டும் புடைப்பு வைத்தார்கள், பின்பக்கத்தைக் கிள்ளியதுபோல் ஒடுக்கினார்கள். காகிதத்தில் படகு மெதுவானதாகிவிட்டது, தண்ணீரில் வேகமாகவே ஓடியது. ஆனால் பின்காற்றில் தொட்டில்போல உருண்டது. கவிழ்கிற மாதிரிப் படகைச் செய்யச் சொல்லி விதியே கூலி கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சலிப்பில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வேகத்தைக் கணிக்கும் நிரல் வந்தது. அது எம்எச்எஸ், பிறகு ஐஎம்எஸ் என்று பெயர் மாறி இன்றைய ஓஆர்சியில் வந்து நிற்கிறது.

ஓஆர்சி நிரலின் கணக்கு வெளிப்படையானது. யாரும் படித்துப் பார்க்கலாம். சான்றிதழைக் கையில் எடுத்தால் மெல்லிய காற்றிலிருந்து 24 நாட் வரை வரிசையாக வேகங்கள் இருக்கும். அதில் இரண்டு தரம். இன்டர்நேஷனல் என்றால் அதிகாரபூர்வ அளவையாளர் வந்து அளக்க வேண்டும், தண்ணீரில் படகைச் சாய்த்து நிமிரும் சோதனையும் உண்டு. கிளப் என்றால் சில அளவுகளை உரிமையாளரே எழுதிக் கொடுக்கலாம். அதே மாடல் படகு ஏற்கெனவே அளக்கப்பட்டு அவர்கள் கோப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் ஓஆர்சி ஈஸி என்று இன்னும் எளிதான, மலிவான வடிவமும் வந்திருக்கிறது.

செலவைப் பற்றிக் கூட்டத்தில் நிறையப் பேசினார்கள். எனக்கு அதில் பெரிய அர்த்தம் தெரியவில்லை. ஒரு புது ஜிப் பாயின் விலைக்கு முன்னால் எந்தச் சான்றிதழும் பெரிய தொகை இல்லை. நிஜமான செலவு பணமல்ல, தொந்தரவு. பாய்களை விரித்து அளக்க வேண்டும், படகைக் காலி செய்ய வேண்டும், அளவையாளர் வரும் நாளில் காற்று நிற்க வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு ஓட்ட வரும் குடும்பம் இதையெல்லாம் செய்யாது.

ஐஆர்சி நடுவில் நிற்கிறது. இங்கிலாந்தின் ஆர்ஓஆர்சி கிளப்பும் பிரான்சின் யுஎன்சிஎல் அமைப்பும் சேர்ந்து நடத்துவது. அளவுகள் உண்டு, சூத்திரமும் உண்டு, ஆனால் சூத்திரம் ரகசியம். ஐஓஆர் கதை திரும்பக் கூடாது, விதியைப் படித்துவிட்டுப் படகு செய்யக் கூடாது என்பதுதான் நோக்கம். முடிவில் வருவது மூன்று தசமம் கொண்ட ஒரே எண். ஓடிய நேரத்தை அதால் பெருக்கினால் வேலை முடிந்தது. ஃபாஸ்ட்நெட், சிட்னி-ஹோபார்ட் மாதிரிப் பெரிய ஓட்டங்களுக்கு இதுவே. எங்கள் ஊருக்கு இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரே காரணம்தான்: பக்கத்து கிளப் எதிலும் ஐஆர்சி இல்லை. ரேட்டிங் என்பது மொழி மாதிரி. பேச ஆள் இல்லாத மொழியில் எவ்வளவு நல்ல இலக்கணம் இருந்து என்ன? ஹாங்காங்கிலோ தென் இங்கிலாந்திலோ இருந்தால் என் ஓட்டு மாறியிருக்கும்.

எண்ணைவிட முக்கியமான பெருக்கல்

எந்த முறை என்று மூன்று மணி நேரம் சண்டை போட்ட குழு, அந்த எண்ணை வைத்து நேரத்தை எப்படித் திருத்துவது என்பதற்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் மாலைப் பந்தயங்களில் கோப்பையை முடிவுசெய்வது இதுதான்.

வழி இரண்டு. முதல் வழியில் தூரம்தான் அடிப்படை: பந்தயத் தூரத்தை ரேட்டிங்கால் பெருக்கி, ஓடிய நேரத்திலிருந்து கழிப்பது. இரண்டாவதில் நேரம் அடிப்படை: ரேட்டிங்கை ஒரு பெருக்கெண்ணாக மாற்றி, ஓடிய நேரத்தை அதால் பெருக்குவது. பிஎச்ஆர்எஃபில் வழக்கமான சூத்திரம் 650ஐ, 550ஓடு ரேட்டிங்கைக் கூட்டி வரும் தொகையால் வகுப்பது. மேலே உள்ள 650 வெறும் அலங்காரம், எண்கள் ஒன்றை ஒட்டி அழகாக வருவதற்காக. கீழே உள்ள 550தான் வேலை செய்கிறது. சராசரிக் காற்றுக்கு 550; பலத்த காற்றுக்கு 480, மிக மெல்லிய காற்றுக்கு 600 வைப்பவர்களும் உண்டு.

72 ரேட்டிங் பெரிய படகு, 168 ரேட்டிங் சின்னப் படகு, பத்து மைல் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். தூரக் கணக்கில் வித்தியாசம் 96 வினாடி பெருக்கல் பத்து, அதாவது 16 நிமிடம். காற்று எப்படி இருந்தாலும் அதே 16. நேரக் கணக்கில் அப்படியில்லை. நல்ல காற்றில் பெரிய படகு 80 நிமிடத்தில் முடித்தால் சின்னதுக்குக் கிடைக்கும் சலுகை 12 நிமிடம் 21 வினாடி. காற்று செத்து, பெரிய படகே மூன்று மணி நேரம் எடுத்தால் சலுகை 27 நிமிடம் 47 வினாடி.

இப்போது எங்கள் ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். காற்றில்லாத மாலையில் எல்லாமே மெதுவாக நடக்கிறது. படகுகளுக்கு இடையிலான இடைவெளியும் நேரத்தில் நீள்கிறது. ஆனால் தூரக் கணக்கு அதே 16 நிமிடத்தைத்தான் நீட்டுகிறது. சின்னப் படகுக்காரர் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் பிழைக்க வழியில்லை. பலத்த காற்றில் இதே கணக்கு தலைகீழாகி, பெரிய படகுக்காரர் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இழக்கிறார். எங்கள் கிளப்பில் பல வருஷமாக "அந்தப் பெரிய படகுக்கு ரேட்டிங் தப்பு" என்று புலம்பியவர்கள், உண்மையில் ரேட்டிங்கைப் பற்றிப் புலம்பவே இல்லை. தூரக் கணக்கைப் பற்றித்தான் புலம்பினார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

தூரக் கணக்கில் இன்னொரு சங்கடம். தூரம் சரியாகத் தெரிய வேண்டும். காற்று திசை மாறியதென்று மிதவையை நகர்த்திய தன்னார்வலர் 0.3 மைல் தப்பாகக் குறித்தால், நம் இரண்டு படகுகளுக்கு நடுவே 29 வினாடி காணாமல் போகும். நேரக் கணக்குக்குத் தூரமே தேவையில்லை. ஒரு கடிகாரமும் ஒழுங்காக எழுதும் ஒரு ஆளும் போதும்.

தூரக் கணக்குக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இருக்கும்போதே மனக்கணக்கில் நிலைமை தெரியும். "அவன் நமக்கு எட்டு நிமிஷம் தரணும், இப்போ ஆறு நிமிஷம்தான் முன்னால் இருக்கான்" என்று எல்லைக்கோட்டுக்கு வருவதற்கு முன்பே சிரிக்கலாம். நேரக் கணக்கில் அந்தச் சிரிப்பு கரைக்கு வந்த பிறகுதான். ஓஆர்சியில் காற்றின் வேகத்துக்கேற்ப வளைந்து கொடுக்கும் கணக்குகளை எடுத்தால் அதுவும் கிடையாது. மழை ஆட்டத்தில் டக்வொர்த்-லூயிஸ் தாளைப் பார்த்துத் தலையைச் சொறியும் கேப்டன் மாதிரி, ஜெயித்தவருக்கே ஏன் ஜெயித்தோம் என்று தெரியாது. அதோடு அன்றைய காற்று மெல்லியதா, நடுத்தரமா, பலமா என்று பந்தயக் குழு தீர்மானிக்க வேண்டிவந்தால், ரேட்டிங் குழுவோடு போட்ட சண்டை பந்தயக் குழுவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு ப்ரொப்பெல்லர் கதை

நிர்வாகத்தைப் பற்றி இதைச் சொல்லாமல் முடியாது. நான் ஓடும் படகிலேயே நடந்தது. படகுக்கு மடங்காத ப்ரொப்பெல்லர் என்பதற்காக ஆறு வினாடி சலுகை இருந்தது. நடுவில் எஞ்சின் வேலை பார்க்கும்போது நண்பர் மடங்கும் ப்ரொப்பெல்லருக்கு மாறினார். சந்தோஷமாக மாறினார், படகு வேகமானதைப் பார்த்து எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டார். சான்றிதழை மாற்ற வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றியபோது பக்கத்துப் படகுக்காரர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

ஐந்து மைல் பந்தயத்தில் ஆறு வினாடி என்றால் முப்பது வினாடி. அந்த வருஷம் இரண்டு மாலைகளில் முப்பது வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முதலாக வந்திருந்தோம். நண்பர் அன்றைக்கே குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதற்குப் பிறகுதான் தமாஷ். பழைய முடிவுகளை மாற்றுவதா, எந்தத் தேதியிலிருந்து, கோப்பையைத் திருப்பி வாங்குவதா என்று எதற்கும் எழுதி வைத்த விதி இல்லை. பாய்ப்படகுப் பந்தய விதிப்புத்தகத்தின் 78ஆம் விதி, படகு தன் சான்றிதழுக்கு ஏற்ப இருப்பதைப் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது. பொறுப்பு தவறினால் உள்ளூரில் என்ன செய்வது என்று ஊர்தான் எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஊர் எழுதவில்லை. ஆறு வாரம் மின்னஞ்சல் பறந்தது.

அதனால்தான் "ஓஆர்சிக்கு மாறினால் ஏமாற்ற முடியாது" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அளந்த அன்றைக்கு உண்மையாக இருந்த சான்றிதழ், ப்ரொப்பெல்லரை மாற்றிய மறுநாள் பொய்யாகிவிடும், எந்த முறையாக இருந்தாலும். பிஎச்ஆர்எஃபில் இதைச் சரிசெய்ய ஊர்க்காரர்கள் போதும். ஓஆர்சியில் மறு சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் எண்ணைப் பற்றி மேல்முறையீடு என்ற பேச்சே அங்கு ஏறக்குறைய இல்லை: அளவு தப்பு என்று காட்டினால் அளப்பார்கள், "எனக்குக் குறைவாகப் பட்டது" என்பதற்கு நிரலிடம் காது இல்லை. இந்தக் காதில்லாத தன்மையைச் சிலர் குறை என்கிறார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்த பிறகு எனக்கு அது ஆறுதலாகப் படுகிறது.

டிங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னப் படகுகளுக்கு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் போதும்; இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாங்ஸ்டன் துறைமுகத்தில் பிறந்தது. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, படகு வகையின் எண்ணால் வகுத்தால் முடிந்தது. கிளப்புகள் அனுப்பும் முடிவுகளைத் திரட்டி, ஆர்ஒய்ஏ என்ற பிரிட்டிஷ் படகோட்டச் சங்கம் எண்களைப் புதுப்பிக்கிறது. வகை வகையாக நூற்றுக்கணக்கில் ஒரே அச்சு டிங்கிகள் இருப்பதால் இது நடக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு படகும் ஒவ்வொரு ஜாதகம். அங்கே இது எடுபடாது.

அயர்லாந்துக்காரர்கள் செய்யும் ஒன்றை மட்டும் நான் திருடிக்கொண்டு வரச் சொன்னேன். அங்கே பல கிளப்புகள் ஒரே பந்தயத்தை ஐஆர்சியிலும் எக்கோ என்ற முறையிலும் தனித்தனியாகக் கணக்கிடுகின்றன. எக்கோ படகை மட்டுமல்ல, ஓட்டுகிறவரின் ஆட்டத்தையும் பார்த்துச் சலுகையை மாற்றிக்கொண்டே போகும், கோல்ஃப் ஹேண்டிகேப் மாதிரி. ஒரு பரிசு சிறந்த படகோட்டிக்கு, ஒரு பரிசு முன்னேறி வருகிறவருக்கு. கோல்ஃப் முறையை முதல் பரிசுக்கே வைத்தால் நன்றாக ஓட்டுகிறவரை ஓட்டியதற்காகத் தண்டிப்பதாக ஆகும்; இரண்டாவது பரிசுக்கு வைத்தால் கடைசியில் வரும் குடும்பமும் செப்டம்பர் வரை வரும்.

ஆக, என் ஓட்டு இப்படிப் போனது. புதன்கிழமை மாலைகளுக்கு பிஎச்ஆர்எஃப், நேரக் கணக்கு, சீசன் முழுக்க 550. காற்றைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றும் வேலை வேண்டாம். தன் படகோ அதே வகைப் படகோ பேச்சுக்கு வரும்போது ஹேண்டிகேப்பர், அதாவது எண்ணை வைக்கிறவர், அறையைவிட்டு வெளியே போக வேண்டும். ஒரு மாலை முடிவை வைத்து எந்த எண்ணையும் தொடக் கூடாது. சீசன் நடுவே எண் மாறினால் அன்றிலிருந்து மட்டுமே செல்லும். உரிமையாளர் சொல்லாமல் விட்டதால் வந்த மாற்றம் என்றால் அந்த நாள்வரை பின்னோக்கிப் போகும். கடைசி வரிக்கு என் நண்பர்தான் முதலில் கை தூக்கினார்.

வார இறுதி நீண்ட ஓட்டங்களுக்கு, ஓஆர்சி சான்றிதழ் உள்ள படகுகள் ஆறு சேர்ந்தால் அவர்களுக்குத் தனிப் பிரிவு. முதல் வருஷம் அதே பந்தயங்களை இரண்டு முறையிலும் கணக்கிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்போம். அதைப் பார்த்துவிட்டு மாறுகிறவர்கள் மாறட்டும். இப்போதைக்கு நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் புதுப்பிப்புப் படிவம் வந்தது. மூன்றாவது பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: "ப்ரொப்பெல்லர் வகை. இந்த ஆண்டு எடுத்த படம் இணைக்கவும்." அந்தக் கட்டத்துக்குக் கிளப்பில் எங்கள் படகின் பெயரை வைத்துவிட்டார்கள்.